விரிசல் விழுந்த பிறகும் தாங்கும் பலகை: ஃபைபர் கான்கிரீட் வளையும் விதம்

ஃபைபர், அதாவது சிறு இழைகள், போட்டால் கான்கிரீட் பலமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தப் பலம் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் தடுமாறும். ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ எஃகு இழை கலந்த கான்கிரீட்டையும், இழையே இல்லாத அதே கலவையையும் கனசதுரமாக வார்த்து நசுக்கிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பளுவில்தான் நொறுங்கும். பலகையாக வார்த்து வளைத்தாலும் முதல் விரிசல் ஏறக்குறைய ஒரே பளுவில்தான் விழும். வித்தியாசம் தெரிவது அதற்கு அடுத்த நொடியில். இழை இல்லாத பலகை இரண்டு துண்டாகிக் கீழே விழுந்துவிடும். இழை கலந்ததோ விரிசலோடு தொய்ந்தபடியே பளுவில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஃபைபருக்குக் கொடுக்கும் காசு இந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான்.

வளைக்கும்போது உள்ளே நடப்பது

இரு முனைகளிலும் தாங்கி வைத்த பலகையின் நடுவில் பளு ஏற்றினால் மேல்பகுதி அமுங்கும், அடிப்பகுதி இழுபடும். இடையே அமுக்கமும் இல்லாமல் இழுப்பும் இல்லாமல் ஒரு நடுநிலை அடுக்கு இருக்கும். கான்கிரீட்டுக்கு அமுக்கத்தைத் தாங்குவது எளிது. இழுவிசையைத் தாங்கும் திறனோ அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே சாதாரண பலகை எப்போதும் அடியிலிருந்துதான் உடையத் தொடங்கும். மேல்பக்கம் நசுங்கும் நிலைக்குப் போவதே இல்லை.

அடி விளிம்பில் எவ்வளவு தகைவு (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. வளைக்கும் திருப்புவிசையை (விசையையும் தூரத்தையும் பெருக்கிய அளவு) 6 ஆல் பெருக்கி, பலகையின் அகலத்தாலும் தடிமனின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது அந்த வர்க்கம். 50 மி.மீ. தடிமனில் வார்க்க வேண்டிய பலகையை 40 மி.மீ. தடிமனில் வார்த்தால் விரிசல் விழும் பளு 64 சதவீதமாக இறங்கிவிடும். விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அது பாதிக்குச் சற்று மேலே, 51 சதவீதத்துக்கு வந்துவிடும். அச்சில் குறைந்த 10 மி.மீ.யை வழக்கமான அளவில் போடும் எந்த ஃபைபரும் ஈடுகட்டாது. "ஃபைபர்தான் இருக்கிறதே, கொஞ்சம் மெல்லியதாக ஊற்றலாம்" என்ற யோசனை பல பலகைகளை உடைத்திருக்கிறது.

விரிசலுக்கு முன் இழைகள் கிட்டத்தட்ட சும்மாதான் இருக்கும். கான்கிரீட் மிகச் சிறிதளவே நீளும், அதற்குள் இழையில் பெரிய விசை எதுவும் ஏறாது. விரிசல் திறந்ததும் நிலைமை மாறுகிறது. பிளவின் குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு இழையும் இரு பக்கங்களையும் பிடித்து இழுக்கிறது. பிளவு அகல அகல இழை தன் குழியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு வருகிறது. எஃகு இழையின் இரு முனைகளும் கொக்கிபோல மடிக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். உருவும்போது அந்த மடிப்பு கான்கிரீட்டுக்குள்ளேயே நிமிர வேண்டியிருக்கிறது; அப்படி நிமிர்வதற்கும், குழியின் சுவரோடு உராய்வதற்கும் செலவாகும் ஆற்றல்தான் விரிசலுக்குப் பிறகும் பலகை தாங்கும் திறன். உடைந்த ஒரு மாதிரியின் பிளவுமுகத்தைப் பார்த்தால் துருத்திக்கொண்டிருக்கும் இழைகளின் நுனி நிமிர்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். நுனி நிமிராமல் இழை நடுவில் அறுந்திருந்தால் இழையைத் தேர்ந்தெடுத்ததில் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

ஏனென்றால் இழை அறுவது நல்லதல்ல. அறுந்த இழை அந்த நொடியோடு கைவிட்டுவிடும், உருவும் இழை பல மில்லிமீட்டர் தூரம் இழுத்துக்கொண்டே வரும். இதிலிருந்து சற்று விநோதமான ஒரு முடிவு கிடைக்கிறது. கான்கிரீட்டின் தரத்தை உயர்த்தினால் அது இழையை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிடி மிஞ்சினால் உருவ வேண்டிய இழை அறுந்துபோகும். 30 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்) கான்கிரீட்டில் அழகாக வேலை செய்த இழை 70 மெகாபாஸ்கல் கான்கிரீட்டில் பலகையைச் சட்டென்று உடையவிடலாம். 28 நாளில் நன்றாக நடந்துகொண்ட பலகை, மாதங்கள் கடந்து கான்கிரீட் மேலும் இறுகியதும் முன்பைவிட நொறுங்கும் தன்மை காட்டுவதும் இதனால்தான். தரம் கூடினால் இழைக் கம்பியின் இழுவலிமையும் சேர்ந்து கூட வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு போதும்

விரிசலுக்குப் பின் பளு இறங்குமா, அப்படியே நிற்குமா, மேலும் ஏறுமா? இதற்கு விடை சொல்லும் கணக்கு எளிமையானது.

விரிசலுக்கு முன் இழுவிசை பலகையின் கீழ்ப்பாதியில் முக்கோண வடிவில் பரவியிருக்கும். அடி விளிம்பில் உச்சம், நடுவில் பூஜ்யம். விரிசல் மேலேறியதும் அமுக்கம் உச்சியில் ஒரு மெல்லிய பட்டைக்குள் ஒடுங்கிவிடும். அதற்குக் கீழே கிட்டத்தட்ட முழுத் தடிமனிலும் இழைகள் ஒரே அளவில் இழுக்கும். இரண்டு நிலைகளிலும் பலகை எதிர்க்கும் திருப்புவிசையைச் சமன் செய்து பார்த்தால், விரிசல் விழுந்தபோது அடி விளிம்பில் இருந்த தகைவில் மூன்றில் ஒரு பங்கை இழைகள் தந்தாலே பளு இறங்காது என்று வரும். அதாவது, 4 மெகாபாஸ்கலில் விரிசல் விடும் பலகைக்கு இழைகள் சராசரியாக 1.33 மெகாபாஸ்கல் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் பளு ஏறும். புதிய விரிசல்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும். பலகை பல இடங்களில் மெல்லிய கோடுகளோடு வளையும். குறைந்தால் ஒரே விரிசல் அகன்றுகொண்டே போகும், பளுவும் படிப்படியாக இறங்கும்.

நேராக இழுத்துச் சோதித்தால் பலவீனமாகத் தெரியும் ஒரு கலவை, வளைத்துச் சோதிக்கும்போது பலமாகத் தெரிவதற்கும் இந்த மூன்று மடங்குதான் காரணம். இரண்டு சோதனைகளின் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.

எத்தனை இழை குறுக்கே கிடக்கிறது?

கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்பது வாங்குபவரின் கணக்கு. பலகைக்குத் தேவைப்படுவது, பிளவின் குறுக்கே எத்தனை இழைகள் என்ற கணக்கு. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. ஆகவே 30 கிலோ என்பது கன அளவில் 0.38 சதவீதம். எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் இழைகளில் ஒரு வெட்டுமுகத்தைக் கடப்பவை எத்தனை என்று அறிய, இந்த விகிதத்தைப் பாதியாக்கி, ஒரு இழையின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் போதும்.

50 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். 60 மி.மீ. நீளம், 0.9 மி.மீ. விட்டம் கொண்ட இழை என்றால் சுமார் 15 இழைகள் குறுக்கே கிடக்கும். அதே 30 கிலோவை 35 மி.மீ. நீளம், 0.55 மி.மீ. விட்டமுள்ள இழையாகப் போட்டால் சுமார் 40. ஒவ்வொன்றும் 150 நியூட்டன் இழுக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 40 இழைகள் 6000 நியூட்டன், அதாவது 1.2 மெகாபாஸ்கல். நமக்கு வேண்டிய 1.33க்குச் சற்றுக் குறைவு. பளு லேசாக இறங்கி நிற்கும். ஊற்றும்போது நடந்த ஏதோ கோளாறால் அந்த இடத்தில் 25 இழைகள்தான் கிடந்தன என்றால் 0.75 மெகாபாஸ்கல்தான் கிடைக்கும். ஒரே கலவையில் வார்த்த இரண்டு மாதிரிகளின் முதல் விரிசல் பளு ஒன்றுபோல இருந்தும், பிந்தைய பளு 20, 30 சதவீதம் வேறுபடுவதன் காரணம் இந்த எண்ணிக்கைதான். மெல்லிய பலகைகளில் தடித்த, நீண்ட இழையைவிட மெல்லிய, குட்டையான இழை பெரும்பாலும் நல்ல தேர்வாக இருப்பதும் இதனால்தான்.

ஆனால் குட்டை என்பதற்கும் எல்லை உண்டு. இழையின் நீளம் பெரிய ஜல்லியின் அளவைப்போல இரண்டு, மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 20 மி.மீ. ஜல்லியோடு 30 மி.மீ. இழையைப் போட்டால் ஜல்லிகளுக்கு இடையில் இழைகள் சிக்கிக்கொண்டு கொத்தாகிவிடும். பல இழைகளுக்குப் போதிய பிடியும் கிடைக்காது. மெல்லிய பலகைக்கு 10 மி.மீ. ஜல்லிதான் ஏற்றது.

திசையும் முக்கியம். மேலே பாதியாக்கியதற்குக் காரணம், முப்பரிமாணத்தில் சிதறிய இழைகளுக்கு அந்தக் குணகம் 0.5, ஒரு தளத்தில் படுத்துக் கிடப்பவற்றுக்கு 0.64. பலகையின் தடிமன் குறையக் குறைய இழைகள் நிமிர்ந்து நிற்க இடமில்லாமல் படுத்துக்கொள்ளும். வளைவைத் தாங்க இது நமக்குச் சாதகமே. பாதகமும் அதே குணத்திலிருந்துதான் வருகிறது: நன்றாக ஓடும் கலவையை நீண்ட அச்சின் ஒரு முனையிலிருந்து ஊற்றினால் இழைகள் அச்சின் சுவரோரங்களில் ஓட்டத் திசையிலேயே அணிவகுக்கும். ஒரு திசையில் வெட்டி எடுத்த மாதிரி பிரமாதமாகத் தேறும், குறுக்குத் திசையில் எடுத்தது சொதப்பும். இரு திசையிலும் வளையப்போகும் பலகையில் இது ஆபத்து.

எந்த இழை எதற்கு

பாலிப்ரொப்பிலீன் இழைகளில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மயிரிழைபோன்ற நுண்ணிழை கன மீட்டருக்கு 0.6 முதல் 0.9 கிலோ வரை போடப்படுகிறது. ஊற்றிய முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்து வெடிப்பதைத் தடுக்கும். தீயில் சுமார் 160 டிகிரியில் உருகி, நீராவி வெளியேற வழிவிட்டு, கான்கிரீட் வெடித்துச் சிதறுவதையும் குறைக்கும். இறுகிய பலகையின் வளைவுத் திறனுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. தடித்த செயற்கை இழை வேறு ரகம். 3 முதல் 9 கிலோ வரை போட்டால் விரிசலுக்குப் பின் தாங்கும். துருப்பிடிக்காது. ஆனால் தொடர்ந்து பளு நிற்கும் இடத்தில், ஏற்கெனவே விரிசல் விட்ட பலகையில் அது மெல்ல நீண்டுகொண்டே போகும். அவ்வப்போது பளு வந்து போகும் இடத்துக்குப் பொருந்தும். எப்போதும் சுமை தொங்கும் இடத்துக்குப் பொருந்தாது.

கண்ணாடி இழைப் பலகை தனி உலகம். ஜல்லி கிடையாது, சிமென்ட், மெல்லிய மணல், எடையில் 4 முதல் 5 சதவீதம் வரை இழை ஆகியவற்றைத் தெளித்து 10 முதல் 15 மி.மீ. தடிமனில் வார்ப்பார்கள். இதில் இரண்டு எண்களைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும்: பளுவுக்கும் தொய்வுக்கும் வரையும் கோடு நேர்கோட்டை விட்டு விலகும் தகைவு ஒன்று, இறுதியில் உடையும் தகைவு இன்னொன்று. புதிய பலகையில் இரண்டாவது முதலாவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். ஆண்டுகள் போகப்போக அந்த உபரி கரையும். சிமென்டின் காரம் சாதாரண கண்ணாடியைச் சீக்கிரமே அரித்துவிடும் என்பதால் சிர்கோனியா சேர்த்த கார எதிர்ப்புக் கண்ணாடிதான் பயன்படுத்த வேண்டும். 1960களின் இறுதியில் பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையத்தில் மஜும்தார் என்ற ஆய்வாளர் செய்த வேலையிலிருந்து வந்தது இது. அதிலும் நூலிழைகளுக்கு நடுவே கால்சியம் ஹைட்ராக்சைடு படிகங்கள் வளர்ந்து இறுக்கினால் இழை உருவாமல் அறும். மெட்டாகவோலின் (சுட்ட களிமண் தூள்) சேர்த்தால் அந்தப் படிகங்கள் குறையும். புதிய பலகையின் உடையும் தகைவை வைத்து வடிவமைப்பது தவறு. முதல் எண்ணுக்குள் நிற்பதே பாதுகாப்பு.

சோதனைக் கோட்டைப் படிப்பது

ஐரோப்பிய முறையான ஈ.என். 14651இல் 150 மி.மீ. சதுர வெட்டுமுகமுள்ள உத்திரத்தை 500 மி.மீ. இடைவெளியில் தாங்கி நடுவில் வளைக்கிறார்கள். அடியில் 25 மி.மீ. ஆழத்துக்கு அறுத்து வைத்திருப்பதால் விரிசல் அந்த இடத்தில்தான் விழும். மிச்ச உயரம் 125 மி.மீ. பிளவின் வாய் 0.5, 1.5, 2.5, 3.5 மி.மீ. திறக்கும்போது பளு எவ்வளவு என்று குறிக்கிறார்கள். நியூட்டனில் உள்ள பளுவை 0.00032 ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கல் கிடைக்கும்.

முதல் விரிசல் 14,000 நியூட்டனில், 0.5 மி.மீ. திறப்பில் 12,000, 2.5 மி.மீ. திறப்பில் 11,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 4.5, 3.8, 3.5 மெகாபாஸ்கல். கடைசி எண்ணை மூன்றால் வகுத்தால் இழைகளின் உண்மையான இழுவலிமை சுமார் 1.17. கம்பிக்கு மாற்றாக ஃபைபரைக் கணக்கில் எடுக்க, 0.5 மி.மீ. திறப்பில் உள்ள எண் முதல் விரிசல் எண்ணில் 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், 2.5 மி.மீ. திறப்பின் எண், 0.5 மி.மீ. திறப்பின் எண்ணில் பாதியைத் தாண்ட வேண்டும் என்கிறது ஃபிப் எனும் சர்வதேசக் கான்கிரீட் அமைப்பின் 2010 மாதிரி விதித்தொகுப்பு. நம் உதாரணம் இரண்டையும் தாண்டுகிறது. ஆனால் அந்த விதி கேட்பது ஒரு மாதிரியின் எண்ணை அல்ல. பல மாதிரிகளின் சிதறலைக் கழித்த பிறகு நிற்கும் கீழ்வரம்பு எண்ணை. சிதறல் அதிகமானால் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கீழ்வரம்பு படுத்துவிடும்.

உத்திரத்தில் ஒரே விரிசல். அதைக் கடக்கும் இழைகளின் எண்ணிக்கை தற்செயலானது. பலகைச் சோதனையில் விரிசலின் நீளம் அதிகம் என்பதால் சிதறல் குறையும். அமெரிக்க முறையான ஏ.எஸ்.டி.எம். சி1550இல் 800 மி.மீ. விட்டமும் 75 மி.மீ. தடிமனும் உள்ள வட்டப் பலகையை மூன்று புள்ளிகளில் தாங்கி நடுவில் அழுத்துகிறார்கள். அது மூன்று ஆரை விரிசல்களாகப் பிளக்கும். 40 மி.மீ. தொய்வு வரை விழுங்கிய ஆற்றல்தான் மதிப்பெண். ஈ.என். 14488-5இல் 600 மி.மீ. சதுரம், 100 மி.மீ. தடிமன், நான்கு பக்கமும் தாங்கல், 25 மி.மீ. தொய்வு. இங்கே ஒரு பகுதி தளர்ந்தாலும் பக்கத்துப் பகுதி சுமையை வாங்கிக்கொள்ளும் என்பதால் சுமாரான கலவைகூட நல்ல பெயர் வாங்கிவிடும். தரையில் கிடக்கும் தளத்துக்கு அது நியாயம்தான். இரண்டு முனையில் மட்டும் நிற்கும் பலகைக்கு இந்த எண்ணைக் காட்டினால் நம்பாதீர்கள்.

வார்ப்பில் கெடுவது

ஃபைபர் பலகைகள் பெரும்பாலும் வடிவமைப்பில் கெடுவதில்லை, மிக்சரில்தான் கெடுகின்றன. இழையை மூட்டையோடு கொட்டினால் அது முள்ளம்பன்றிபோல உருண்டுவிடும். பிறகு எவ்வளவு சுழற்றினாலும் பிரியாது. ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் எல்லாம் நன்கு கலந்த பின், மிக்சர் முழு வேகத்தில் சுழலும்போது, நிமிடத்துக்கு 20 முதல் 40 கிலோ என்று தூவிக்கொண்டே வர வேண்டும். கடைசி இழை விழுந்த பிறகு இன்னும் நான்கைந்து நிமிடம் சுழற்ற வேண்டும். நீரில் கரையும் பசையால் ஒட்டிய பட்டைகளாக வரும் இழை உருளாது. ஆனால் பசை கரைந்து தனித்தனியாகப் பிரிய அந்தச் சில நிமிடங்கள் கட்டாயம் வேண்டும்.

இழை சேர்ந்ததும் கலவை விறைத்துக்கொள்ளும், ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) இறங்கும். உடனே தண்ணீர்க் குழாயைத் திறக்கும் கையைத் தடுக்க வேண்டும். தண்ணீர் கூடினால் இழையைப் பிடிக்கும் சிமென்ட் பசையே வலுவிழக்கும். எஃகு இழையும் அடியில் போய்ப் படியும். தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரால்தான் ஓட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். ஊசி வைப்ரேட்டரை மெல்லிய பலகைக்குள் குத்தாதீர்கள். அது போய்வந்த தடத்தில் இழையில்லாத பசை மட்டும் தங்கி, விரிசல் அந்த வழியாகவே ஓடும். அச்சை வெளியிலிருந்து அதிர வைப்பது நல்லது.

அளவு சரியாக விழுந்ததா என்று பார்க்க வழி உண்டு. 10 லிட்டர் பச்சைக் கலவையை எடுத்து நீரில் அலசி, காந்தத்தால் இழைகளைப் பொறுக்கி, உலர்த்தி நிறுங்கள். கன மீட்டருக்கு 30 கிலோ என்றால் 300 கிராம் இருக்க வேண்டும். வண்டியின் முதல், நடு, கடைசிப் பகுதி என்று மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால் கலத்தல் போதவில்லை.

தூக்கும்போதுதான் பெரிய சோதனை

பல பலகைகள் தங்கள் ஆயுளிலேயே அதிகமாக வளைவது அச்சிலிருந்து எடுக்கும் நாளில்தான். 3 மீட்டர் நீளம், 50 மி.மீ. தடிமன் உள்ள பலகை சதுர மீட்டருக்கு 120 கிலோ. அதைப் படுக்கையாக இரு முனையிலும் பிடித்துத் தூக்கினால் தன் எடையாலேயே நடுவில் 3.2 மெகாபாஸ்கல் இழுதகைவு வரும். ஒரு நாள் வயதான கான்கிரீட் 2 மெகாபாஸ்கலைத் தாங்கினாலே அதிகம். பிடியை ஒவ்வொரு முனையிலிருந்தும் 62 செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால் அதே பலகையில் 0.55 மெகாபாஸ்கல்தான் வரும். அச்சு ஒட்டிப் பிடிப்பதற்கும், தூக்கும்போது ஏற்படும் குலுக்கலுக்கும் இதை ஒன்றரை மடங்காவது கூட்டிக்கொள்ள வேண்டும், அப்போதும் 0.83தான். முடிந்தால் பலகையை விளிம்பில் நிமிர்த்தித் தூக்குவது இன்னும் மேல், ஏனெனில் அப்போது வளைவை எதிர்ப்பது பலகையின் அகலம்.

முதல் நாளில் ஃபைபர் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். பச்சைக் கான்கிரீட் இழையை இறுகப் பிடிப்பதில்லை. விரிசல் விழுந்தால் பலகை விழாமல் இருக்கலாம், ஆனால் விறைப்பு போய்விடும். அந்த விரிசலிலேயே பிறகு எல்லா வளைவும் குவியும். மேற்பரப்பில் தெரியும் எஃகு இழைகள் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் வருவது வெறும் தோற்றக் குறைதான், உள்ளே பரவாது. 0.3 மி.மீ.க்கு மேல் திறந்து, ஈரமும் உப்பும் புகும் விரிசலில் நிலைமை வேறு. அங்கே மெல்லிய இழை சீக்கிரமே தேயும், பலகை நம்பியிருக்கும் பிடி அதோடு போகும். தலைக்கு மேலே தொங்கும் பலகை, சுமை தாங்கும் தளம் போன்றவற்றில் ஃபைபரோடு கம்பியும் போட வேண்டும்: கம்பி பலகையை விழாமல் பிடிக்கும், ஃபைபர் விரிசலை மெல்லியதாக வைத்திருக்கும்.